பென்சில் அக்காவுக்கு நன்றி

நேற்று மாலை நூலகத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு இந்த நன்றி. பெயரைக் கேட்கக்கூடத் தோன்றவில்லை.

லீப் ஆண்டைக் கண்டுபிடிக்கும் நிரலை ஜாவா என்ற கணினி மொழியில் எழுதும் பயிற்சி. 2023, 2024 இரண்டுக்கும் விடை சரி. 1900 கொடுத்தால் மட்டும் லீப் ஆண்டு என்று அடம்பிடித்தது. 100ஆல், 400ஆல் வகுபடுகிறதா என்று பார்க்க எல்ஸ் இஃப் (‘இல்லையென்றால், இப்படியா?’ என்று கேட்கும் வரி) எழுதித்தான் வைத்திருந்தேன். அந்த வரிகளையே இரண்டு மணி நேரம் மாற்றி மாற்றி எழுதியதுதான் மிச்சம்.

அக்கா கீபோர்டைத் தொடவே இல்லை. ஒரு தாளில் 1900 என்று எழுதி, என் முதல் இஃப் (‘இப்படியா?’ என்று கேட்கும்) வரியைப் பென்சிலால் தொட்டார்.

“இது உண்மையா, பொய்யா?”

“உண்மைதான் அக்கா. 4ஆல் மீதியில்லாமல் வகுபடுகிறதே.”

“அப்புறம் கீழே இருக்கிற எல்ஸ் இஃப் பக்கம் ஜாவா எதுக்குப்பா போகணும்?”

அட! 400ஐ முதலில், 100ஐ அடுத்து, 4ஐக் கடைசியில் வைத்தேன். 2000 லீப் ஆண்டு, 1900 இல்லை. ஒரு எழுத்துகூடப் புதிதாகச் சேர்க்கவில்லை, வரிசைதான் மாறியது.

நிமிர்ந்து பார்ப்பதற்குள் கிளம்பிவிட்டீர்கள் அக்கா. உங்கள் பென்சில் என்னிடம்தான் இருக்கிறது.