ஜன்னலைச் சாத்தச் சொன்னவர்

நீலகிரி மலையில் மருத்துவமனைகளை நிர்வகிக்கும் பெரியவர்களுக்கு, கொரோனா வார்டில் வேலை பார்த்த ஒரு செவிலியர் எழுதும் திறந்த மடல்.

வணக்கம்.

2021 ஜூன். வெளியே சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. காற்றோட்டம் வேண்டும் என்பதால் வார்டு ஜன்னல்களைச் சாத்தவே கூடாது என்று உத்தரவு. சமவெளியில் அது வரம். மலைக்குளிரில், மூச்சுத் திணறிக் கிடப்பவருக்கு அது தண்டனை. தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியே வயதைக் கழித்த ஒரு பெரியவர், இரண்டு கம்பளி போர்த்தியும் நடுங்கிக்கொண்டு, நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் "ஜன்னல கொஞ்சம் சாத்து தாயி" என்பார். "சாத்தக் கூடாதுங்க ஐயா" என்பேன். பாதுகாப்பு உடைக்குள் எனக்கு வேர்த்து ஊற்றும். கண்ணாடியில் ஆவி படிந்து அவர் முகம்கூடச் சரியாகத் தெரியாது. நான்கு நாள் கேட்டார். ஐந்தாம் நாள் விடியற்காலையில் கேட்கவில்லை.

அவர் உயிரை எடுத்தது குளிர் அல்ல, நுரையீரலைத் தின்ற நோய் என்று எனக்குத் தெரியும். படித்தவள்தான். ஆனாலும் இன்றைக்கும் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து வீட்டு ஜன்னல் கொக்கியைத் தொட்டுப் பார்க்கிறேன். "சாத்தித்தாம்மா இருக்கு, படு" என்று மகள் இருட்டிலேயே சொல்கிறாள். அவளுக்குப் பழகிவிட்டது.

என்னோடு வேலை பார்த்தவர்களிடமும் இப்படி ஆளுக்கொன்று இருக்கிறது. ஆம்புலன்ஸில் போன தம்பி ஒருவர் இன்னும் தூக்கத்தில் கணக்குப் போடுகிறார். பி டைப் சிலிண்டரில் 1,500 லிட்டர் ஆக்சிஜன். நிமிடத்துக்கு 10 லிட்டர் திறந்தால் இரண்டரை மணி நேரம், 15 லிட்டர் வைத்தால் 100 நிமிடம். ஊட்டியிலிருந்து கோவை சுமார் 85 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி மலைப்பாதை. கொண்டை ஊசி வளைவில் ஒரு லாரி பழுதாகி நின்றால் அந்த 100 நிமிடம் என்னாவது? பிணத்தைப் பையில் சுற்றிக் கட்டிய தூய்மைப் பணியாளர் அக்காவிடம் வாடகை வீட்டின் உரிமையாளர் பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்காதே என்றார். வைரஸ் போய்விட்டது. அந்தச் சொல் அவர் நெஞ்சை விட்டுப் போகவில்லை. ஒப்பந்தத்தில் வந்து எங்களோடு ராப்பகலாக நின்ற பிள்ளைகளில் பலருக்கு 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு வேலையும் போனது. அவர்களை யார் கூப்பிட்டுப் பேசினார்கள்?

கைதட்டினார்கள், பூத்தூவினார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள். நன்றி. எங்களை உட்காரவைத்து "உனக்கு என்ன ஆச்சு?" என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

மனநல ஆலோசனைக்குத்தான் ஆள் இருக்கிறாரே என்பீர்கள். இருக்கிறார், நாங்கள் வேலை செய்யும் அதே கட்டிடத்தில், அதே புறநோயாளிப் பிரிவில். இது சின்ன ஊர். காலையில் அந்த வரிசையில் ஒரு நர்ஸ் நின்றால், சாயங்காலம் டீக்கடையில் பேச்சாகிவிடும். "அந்த சிஸ்டருக்கு மூளை சரியில்லையாம்" என்பார்கள். அப்புறம் எந்த நோயாளி என்னிடம் ஊசி போட்டுக்கொள்வார்? போனிலேயே மனநல ஆலோசனை கேட்க அரசின் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது, நல்ல ஏற்பாடு. ஆனால் குவார்ட்டர்ஸில் சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். மலைச்சரிவில் சிக்னலைத் தேடி மொட்டைமாடி ஏறி அழ முடியுமா?

வேலை அழுத்தத்தில் ஆள் முழுக்கச் சோர்ந்துபோகும் 'பர்ன்-அவுட்' ஒரு நோயல்ல, பணியிடத்தோடு வரும் நிலை என்று உலக சுகாதார நிறுவனமே 2019-இல் வகைப்படுத்திவிட்டது. அப்படியென்றால் மருந்தும் பணியிடத்திலிருந்துதான் வரவேண்டும்.

நாங்கள் கேட்பது பெரிய செலவல்ல. மாதம் ஒரு நாள் கோவையிலிருந்தோ மேட்டுப்பாளையத்திலிருந்தோ எங்களை யாரென்றே தெரியாத ஒரு மனநல ஆலோசகரை அனுப்புங்கள். மருத்துவமனைக்கு வெளியே ஒரு அறை கொடுங்கள். அங்கே போகும் நேரத்தை டூட்டி நேரமாகவே கணக்கு வையுங்கள், விடுப்பில் கழிக்காதீர்கள். யார் வந்தார், என்ன பேசினார் என்பது பணிப் பதிவேட்டில் ஏறக்கூடாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 23-ஆம் பிரிவில், மனநோய் உள்ளவருக்கு ரகசியம் காக்கப்படும் உரிமையைக் கொடுத்திருக்கிறது; எங்களுக்கும் அதே ரகசியம் வேண்டும். டாக்டர், நர்ஸ் என்று நிறுத்திவிடாமல் தூய்மைப் பணியாளர், ஓட்டுநர், கிராம சுகாதாரச் செவிலியர், லேப்காரர், ஒப்பந்தம் முடிந்து போனவர் எல்லோருக்கும் அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும்.

அடுத்த தொற்று வரும்போதும் நாங்கள்தான் வார்டுக்குள் போவோம். போகமாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லும்போது, கூடவே கட்டிலுக்கு ஒரு காற்றுத் தடுப்பும், போதுமான கம்பளியும் கொடுங்கள் என்பதையும் இத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் போட்டால் கூப்பிடுங்கள். நைட் டூட்டி முடித்த கையோடு வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டாஃப் நர்ஸ்,
நீலகிரி.