பானைக்குள் போகும் கை

பர்மாவிலுள்ள நம் கோயில்களின் திருவிழாக் குழுக்களுக்கும், அன்னதானப் பொறுப்பை ஏற்றிருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். பங்குனி நெருங்கிவிட்டது. பந்தக்கால், நன்கொடை ரசீது, பர்மிட்டுக்கு அலைச்சல் என்று எல்லாரும் ஓடிக்கொண்டிருப்பீர்கள். இந்த நேரத்தில் நீண்ட கடிதம் படிக்க வைக்கிறேனே என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். 31 வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். யாங்கோனிலும் பெகு பக்கமும் உங்களில் பலர் என்னைச் 'சயாமா' என்று கூப்பிட்டுப் பழகியவர்கள்தான். அந்த உரிமையில், திருவிழாத் தண்ணீராலும் சாப்பாட்டாலும் வரும் வயிற்றுப்போக்கைப் பற்றி எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன், பெகு பக்கத்துக் கிராமக் கோயில் ஒன்றில் திருவிழா. ஊர் பெயர் வேண்டாம். மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். "சயாமா, கொஞ்சம் வாங்க, அத்தைக்கு நிக்கவே மாட்டேங்குது." எனக்கும் அவர் அத்தை முறைதான். போய்ப் பார்த்தேன். கண் உள்ளே போயிருந்தது. விரல்கள் நாள் முழுக்கத் துணி துவைத்தவர் விரல் போலச் சுருங்கியிருந்தன. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்றது. வெளியே போனது மலமாகவே இல்லை, கஞ்சி வடித்த தண்ணீர் போல இருந்தது. சாயங்காலத்திலிருந்து அவருக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. "குடிச்சா இன்னும் போகும்" என்று வீட்டிலிருந்த பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். டவுனுக்குக் கொண்டுபோக வண்டி கிடைப்பதற்குள் அத்தை போய்விட்டார்.

விடிவதற்குள் அதே தெருவில் 19 பேர் படுத்துவிட்டார்கள். குழுவினர் என்னைத் தனியே அழைத்து, டவுன்ஷிப் சுகாதார அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். "நம்ம கோயில்லதான் நோய் வந்துச்சுன்னு பேராயிடும் சயாமா, அடுத்த வருஷம் பர்மிட் கிடைக்காது." அந்தப் பயத்தை நான் சிறுமைப்படுத்தவில்லை. இந்த மண்ணில் நாம் எப்படி ஒதுங்கி ஒதுங்கி நம் கோயில்களைக் காப்பாற்றி வந்திருக்கிறோம் என்று எனக்கும் தெரியும். அதனால் அன்று நானும் வாயை மூடிக்கொண்டேன். யாரும் பரிசோதனைக்கு மலம் எடுத்து அனுப்பவில்லை. என்ன கிருமி என்று இன்றுவரை தெரியாது. இரண்டு நாளில் அடுத்த தெருவிலும் ஆரம்பித்தது. அந்தத் தெருவுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் பங்கும் அதில் இருக்கிறது, அதனால்தான் இந்தக் கடிதம்.

மறுநாள் காலை கோயிலைச் சுற்றி வந்தபோது கண்ணில் பட்டது தண்ணீர்ப் பந்தல். வாய் அகன்ற பெரிய மண்பானைகள் மூன்று. மேலே சிவப்புத் துணி, பானைக் கழுத்தில் சங்கிலி கட்டிய பித்தளை டம்ளர். நான் நின்ற கொஞ்ச நேரத்தில் ஒரு பையன் கழிப்பறைப் பக்கமிருந்து ஓடி வந்தான். டம்ளரைப் பிடித்த கை மணிக்கட்டு வரை தண்ணீருக்குள் போனது. குடித்தான், மீதியைப் பானையிலேயே ஊற்றினான், ஓடிவிட்டான். அவன் மேல் தப்பே இல்லை. அந்தப் பானையில் தண்ணீர் எடுக்க அவனுக்கு வேறு வழி கிடையாது.

தண்ணீர்ப் பந்தல் நம் புண்ணியம். பர்மாக்காரர்களும் தெருவுக்குத் தெரு 'யேயோசின்' வைத்து வழிப்போக்கரின் தாகம் தீர்ப்பவர்கள். இந்த விஷயத்தில் இரண்டு சனமும் ஒரே மனசு. அதை நிறுத்தச் சொல்லவே மாட்டேன். பானையின் வாயை மட்டும் மாற்றச் சொல்கிறேன்.

ஏனென்றால் கிணறு சுத்தமாக இருந்தும் பானை கெடலாம். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நல்ல தண்ணீர் எடுத்து, கொதிக்க வைத்து, ஆற வைத்து ஊற்றினாலும், முதல் பத்து கைகளுக்குள் அந்த உழைப்பு வீணாகிவிடும். ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் வயிற்றுப்போக்கு நோய்கள் எல்லாவற்றுக்கும் வழி ஒன்றுதான். ஒருவர் மலத்திலிருந்து இன்னொருவர் வாய்க்குப் போவது. கேட்க அருவருப்பாக இருக்கும், ஆனால் மென்மையாகச் சொல்லிச் சொல்லித்தான் இத்தனை காலம் யாருக்கும் உறைக்கவில்லை. நடுவில் கை இருக்கலாம், ஈ இருக்கலாம், தண்ணீர் இருக்கலாம், ஐஸ் இருக்கலாம்.

காலரா கிருமி, அதாவது விப்ரியோ காலரே, வயிற்று அமிலத்துக்குப் பயந்தது. நோய் வர லட்சக்கணக்கில் உள்ளே போக வேண்டும். தண்ணீர் வழியாக அது எளிதாக நடந்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், காலரா தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றுமே தெரியாது, அல்லது லேசாக வயிறு கலங்கி நின்றுவிடும். ஆனால் 1 முதல் 10 நாள் வரை அவர்கள் மலத்தில் கிருமி போய்க்கொண்டிருக்கும். நன்றாக நடமாடுகிற ஒருவர் கைதான் பானைக்குள் போகிறது. சீதபேதி உண்டாக்கும் ஷிகெல்லா இன்னும் மோசம். பத்து முதல் நூறு கிருமி போதும், ரத்தமும் சீதமுமாக வரும். நோரோ வைரஸுக்கும் மிகக் கொஞ்சம் போதும், ஒருவர் வாந்தி எடுத்தால் பந்தியில் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் தொற்றும். சின்னக் குழந்தைகளுக்கு ரோட்டா வைரஸ். தடுப்பு மருந்து கிடைக்கும் இடத்தில் குழந்தைகளுக்குத் தவறாமல் போட்டுவிடுங்கள்.

நோரோவைப் பற்றி ஒரு வார்த்தை அதிகம் சொல்கிறேன். கொரோனாவுக்குப் பிறகு எல்லாக் கோயில் வாசலிலும் சானிடைசர் புட்டி வந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் நோரோவை அந்தச் சாராயத் திரவம் நம்பிக்கையாகக் கொல்லாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும். மஞ்சள் கரைத்த அண்டாவில் பத்துப் பேர் கை நனைப்பது கை கழுவுவது ஆகாது. மஞ்சளும் வேப்பிலையும் அம்மனுக்கு உரியவை, அவற்றுக்குரிய மரியாதையோடு அவை இருக்கட்டும். சோப்பின் வேலையை அவற்றின் தலையில் ஏற்ற வேண்டாம்.

அப்புறம் ஐஸ். தின்ஜான் என்கிற பர்மியப் புத்தாண்டு நேரத்து வெயிலில் பானகத்துக்கும் மோருக்கும் ஐஸ் இல்லாமல் முடியாதுதான். கட்டி எங்கே உடைபடுகிறது என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். தரையில் கோணிச்சாக்கு, அதன் மேல் கட்டி, பக்கத்தில் நாலு செருப்பு. குளிரில் கிருமி தூங்கும், சாகாது. பானகத்தில் கரைந்ததும் விழித்துக்கொள்ளும். ஐஸைப் பானகத்துக்குள் போடாமல், பானகப் பாத்திரத்தைச் சுற்றி வெளியே அடுக்குங்கள். குளிர்ச்சி கிடைக்கும்.

இனி சமையல்கட்டு. இதில் நம் ஆட்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும், ஆனாலும் சொல்கிறேன். பெரிய அண்டா நிறையச் சாம்பாரை விடியற்காலை நாலு மணிக்கே இறக்கிவைத்து, மதியம் ஒரு மணிக்குப் பரிமாறுகிறோம். கொதித்ததுதானே, என்ன ஆகும் என்று கேட்கிறோம். குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்று ஒரு கிருமி இருக்கிறது. அதன் வித்து கொதியைத் தாங்கும். சூடு இறங்கி 45 டிகிரி பக்கம் வந்ததும் முளைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அண்டா பெரிதாக இருந்தால் நடுவிலுள்ள சாம்பார் மணிக்கணக்கில் அந்த இளஞ்சூட்டிலேயே கிடக்கும். சாப்பிட்டவர்களுக்கு அன்று இரவோ மறுநாள் காலையோ வயிற்றுவலியும் பேதியும். சோற்றில் பாசில்லஸ் சீரியஸ். வடித்துக் குவித்துத் துணி போட்டு மூடிய சோற்றில் அது ஒரு நஞ்சை உண்டாக்கிவிட்டால், திரும்பச் சுட வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. சாயங்காலம் வரும் கூட்டத்துக்கு மதியச் சோற்றைத் தாளித்துப் புளியோதரையாக்குவது நமக்கெல்லாம் பழக்கம். நானே செய்திருக்கிறேன். தயவுசெய்து விட்டுவிடுங்கள். சோறு தீர்ந்தால் இன்னொரு உலை வையுங்கள். பந்தி முடியும் வரை சாம்பார் அண்டாவுக்கு அடியில் நெருப்பு இருக்கட்டும், ஆவி பறக்கட்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆறிக் கிடந்ததை யாருக்கும் கட்டிக் கொடுக்காதீர்கள். அன்னத்தை வீணாக்கலாமா என்பீர்கள். அதற்குத்தான் சின்னச் சின்ன உலையாக வைக்கச் சொல்கிறேன்.

காய் நறுக்குகிற, பரிமாறுகிற யாருக்காவது பேதியோ வாந்தியோ இருந்தால், நின்று 48 மணி நேரம் ஆகும் வரை அவர் சமையல்கட்டுப் பக்கம் வரக்கூடாது. வேண்டுதல் இருந்தால் பந்தலில் மாலை கட்டட்டும். இதை அவமானமாகச் சொல்லாமல், முதல் கூட்டத்திலேயே எல்லாருக்கும் பொதுவான விதியாகச் சொல்லிவிடுங்கள். அப்போதுதான் ஆட்கள் உண்மையைச் சொல்வார்கள்.

மறைப்பது பற்றி மறுபடியும் சொல்லியாக வேண்டும். 1942 இல் ஜப்பான்காரன் வந்தபோது லட்சக்கணக்கான நம் சனம் நடந்தே இந்தியாவுக்குக் கிளம்பியது. என் பாட்டி இங்கேயே தங்கிவிட்டார். அவர் தம்பி புரோம் வழியாகத் தௌங்கப் கணவாய்க்குப் போன கூட்டத்தில் போனவர், திரும்பித் தகவலே இல்லை. அந்தப் பாதையில் காலராவும் சீதபேதியும் எத்தனையோ பேரைத் தின்றன. பாட்டி சாகும் வரை 'வாந்திபேதி' என்ற வார்த்தையை வீட்டுக்குள் சொல்ல விட்டதில்லை, 'அது' என்றுதான் சொல்வார். பேர் சொன்னால் வந்துவிடும் என்ற பயம். அந்தப் பயம் நம் ரத்தத்தில் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் 2024 மழைக்காலத்தில் யாங்கோனில் வயிற்றுப்போக்கு பரவி, காலரா கிருமி என்று தெரியவந்ததே, அப்போது எனக்குத் தெரிந்து எந்தக் கோயிலையும் யாரும் குற்றம் சொல்லவில்லை. தெரிந்ததால்தான் சனம் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தது. நோய் வந்ததற்காகக் கோயிலுக்குக் கெட்ட பேர் வராது. மறைத்தது பின்னால் தெரிந்தால்தான் வரும். முதல் மூன்று பேர் படுத்த உடனேயே நீங்களே போய்ச் சொல்லிவிட்டால், "அந்தக் குழு பொறுப்பான குழு" என்ற பேர்தான் நிற்கும். பர்மிட் கொடுப்பவரிடம் பேச அதுதான் நல்ல பலம்.

அத்தை விஷயத்துக்கு வருகிறேன். அவருக்குத் தேவைப்பட்டது தாட்ஸாப் பொட்டலம், அதாவது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி (ஓ.ஆர்.எஸ்). பர்மாவில் மூலைக்கடையில்கூடக் கிடைக்கும். கடுமையான காலராவில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரைகூட உடம்பிலிருந்து போகும். 1959 இல் கல்கத்தாவில் சம்பு நாத் தே என்ற விஞ்ஞானி, கிருமி விடும் நஞ்சுதான் குடலைத் தண்ணீரைக் கொட்ட வைக்கிறது என்று காட்டினார். ஆனால் சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால் திறக்கும் ஒரு வாசல் குடல் சுவரில் இருக்கிறது. அந்த நஞ்சு அதைத் தொடுவதில்லை. அதனால் பேதி போய்க்கொண்டிருக்கும்போதே குடிக்கும் கரைசல் உள்ளே இழுக்கப்படும். 1971 இல் வங்கதேசப் போர் அகதிகள் மேற்கு வங்கத்துப் பொங்காவ் முகாமில் காலராவில் மடிந்துகொண்டிருந்தபோது, ஏற்றுவதற்குச் சலைன் போதாமல், டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைக் குடிக்கவே கொடுத்தார். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்த இடத்தில் அது 4 பேருக்கும் கீழே வந்தது. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் நர்ஸ்கூட இல்லை, நோயாளியின் சொந்தக்காரர்கள். அத்தை வீட்டிலும் நாலு பேர் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

பொட்டலத்தை அதில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். டம்ளரில் கொஞ்சம் தூவிக் குடிப்பது தப்பு. பொட்டலம் இல்லாவிட்டால் கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் சர்க்கரை தட்டையாக 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். உப்பு கூடிவிடக் கூடாது. வாந்தி வந்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கலாம். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. குடிக்கவே முடியாமல் துவண்டவருக்கும், மூத்திரம் நின்றவருக்கும், ரத்தம் போகிறவருக்கும் வீட்டு வைத்தியம் வேண்டாம், ஆஸ்பத்திரிதான்.

சரி, உங்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். அடியில் குழாய் வைத்த, மூடி பூட்டிய பாத்திரங்கள். காய்ச்சிய தண்ணீர், அதுவும் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதித்தது. குளோரின் மாத்திரை போட்டால் காலராவும் ஷிகெல்லாவும் சாகும், ஜியார்டியா போன்ற சில பூச்சிகள் தாங்கிவிடும், காய்ச்சினால் அவையும் சாகும். கழிப்பறை வாசலில் சோப்பும் ஓடும் தண்ணீரும். காகித டம்ளருக்குப் பணம் போதாவிட்டால் வீட்டிலிருந்து டம்ளர் கொண்டுவரச் சொல்லி நோட்டீஸில் ஒரு வரி, தமிழிலும் பர்மியிலும், ஏனென்றால் நம் திருவிழாவுக்கு அவர்களும் பிள்ளைகளோடு வருகிறார்கள். குழு அறையில் ஐம்பது தாட்ஸாப் பொட்டலம். சுகாதார அலுவலகத்தின் போன் நம்பர் சுவரில்.

என் பென்ஷனில் குழாய் வைத்த நாலு டிரம் வாங்கி வைத்திருக்கிறேன். பெகு பக்கத்துக் கோயில்களில் முதலில் கேட்பவர்களுக்குத் தருகிறேன். கொடியேற்றத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நேரே சமையல்கட்டுக்கு வந்துவிடுகிறேன், அரிசி களைகிற பெண்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். அடுப்பை அன்று காலையிலேயே மூட்டி வைத்திருங்கள், தண்ணீர் காய்ச்சிக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் சயாமா