மரத்த முறிச்சாதான் சோலாரா? மின்துறை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மின்துறை உயரதிகாரிகளுக்கும், எந்த ஊருக்கு எந்தக் கரண்டுன்னு திட்டம் போடுற ஐயாமாருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு தாலுகாவுல இருந்து எழுதுறேன்.

போன வாரம் எங்க ஊர்ல கூரை சோலார் முகாம் நடந்தது உங்களுக்குத் தெரியும், டார்கெட் குடுத்ததே நீங்கதானே. வந்த சார் எங்க மொட்டை மாடிய அண்ணாந்து ஒரு தடவ பாத்தாரு, "நிழல் அடிக்குது, அந்தப் பிலா மரத்தையும் அயனி மரத்தையும் முறிச்சிருங்க, உடனே போட்டுரலாம்"னுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டாரு. எங்க அப்பா வச்ச பிலா மரம் சார் அது, சக்கை (பலாப்பழம்) சீசன்ல அக்கம்பக்கத்துக்கெல்லாம் குடுத்தது போக மிச்சத்த விக்கிறோம். பசுமை மின்சாரத்துக்கு மொத வேலையே மரம் முறிக்கிறதுதான்னா நல்லா இருக்கு உங்க பசுமை.

சோலாரே வேண்டாம்னு நான் சொல்லல. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபா மானியம் தாராளமான விஷயம்தான், தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் வெட்டவெளியில நிக்கிற வீட்டுக்கெல்லாம் குடுங்க, சந்தோசம். ஆனா ரப்பரும் தென்னையும் மூடிக் கெடக்குற எங்க மேற்குப் பக்கத்துக்கும் அதே திட்டம், அதே பேப்பர்னா எப்படி? பகுதி பாத்து திட்டம் போடுங்கங்கிறதுதான் என் கோரிக்கை.

பக்கத்து வீட்டு சித்தப்பா பேங்க் லோன் போட்டு பேனல் வச்சாரு. போன ஜூன்ல அடிச்ச காத்துல ரப்பர் கொம்பு முறிஞ்சு லைன்ல விழுந்து கரண்டு போச்சு, மறுநாள் மழை விட்டு நல்ல வெயில், மாடியில பேனல் பளபளன்னு இருக்கு, கீழ இன்வெர்ட்டர்ல சிவப்பு லைட்டு மட்டும் எரியுது, ஃபேன் ஓடல. கம்பெனிக்குப் போன் பண்ணுனா லைன்ல கரண்டு இருந்தாதான் இது ஓடும்ங்கிறான். காரணம் நியாயமானதுதான், லைன்மேன் போஸ்ட்ல நிக்கும்போது வீட்டு சோலார்ல இருந்து கரண்டு ஏறுனா ஆள் செத்துருவாரு. ஆனா இத பேனல் வைக்கும்போதே சொல்லியிருக்கலாம்லா? லைன்ல கரண்டு போனாலும் ஓடுற, பேட்டரி வச்ச ஹைப்ரிட்னு ஒண்ணு இருக்குன்னு யாரும் வாயத் தொறக்கல. ஃபிரிட்ஜ் ஓடாம சித்தி இன்சுலின பாலித்தீன் கவர்ல சுத்தி மண்பானைத் தண்ணிக்குள்ள இறக்கி வச்சாங்க. லோன் தவணை மட்டும் கரெக்டா பிடிச்சிட்டான்.

இதுல பாருங்க, எங்க கொம்ப முறிச்ச அதே தென்மேற்குக் காத்துதான் ஆரல்வாய்மொழி கணவாய் வழியாப் பாஞ்சு முப்பந்தல் காத்தாலையச் சுத்துது. மே கடைசியில இருந்து செப்டம்பர் வரைக்கும் எங்க மாடியில வெயில் கம்மி, ஆனா அங்க காத்து, கோதையாத்துல தண்ணி. வெறும் 50, 60 கிலோமீட்டருக்குள்ள இவ்ளோ வித்தியாசம். 1956 நவம்பர் 1-ல நாங்க தமிழ்நாட்டோட சேந்துட்டோம், ஆனா எங்க மழை இன்னும் திருவிதாங்கூர் கணக்குலதான் பெய்யுது, அது உங்க ஆபீஸ் பேப்பருக்குத் தெரியல போல.

கிழக்க காத்தாலை, மலைமேல கோதையாறு பவர் ஹவுஸ், மாவட்ட எல்லையத் தாண்டுனா கூடங்குளத்துல ஆளுக்கு ஆயிரம் மெகாவாட்னு ரெண்டு அணு உலை, நடுவுல நாங்க மெழுகுதிரி. 2017 ஒக்கி புயல்ல போஸ்ட்டெல்லாம் சாஞ்சு நாள்கணக்குல இருட்டுல கெடந்தோம், அப்பவே ரப்பர் தோட்டம் வழியாப் போற லைன தரைக்கடியில கொண்டு போங்கன்னு கேட்டோம். இன்னும் கேட்டுட்டுதான் இருக்கோம். நீங்களும் கேட்டுட்டுதான் இருக்கீங்க, காதால.

சரி, கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிக்கணும். தயவுசெஞ்சு பகுதி பாத்து திட்டம் போடுங்க. மரம் உள்ள எடத்துல பேட்டரிக்கும் சேத்து மானியம் குடுங்க, மாடி தோதுப்படாதவங்களுக்கு ஊர்ப் பொதுவுல வெயில் படுற ஒரு எடத்துல பேனல் வச்சு பங்கு குடுங்க, மலையடிவாரத்துல வருசம் பூரா தண்ணி ஓடுற ஓடைகள்ல சின்ன அளவுல நீர்மின்சாரம் எடுக்க முடியுமான்னு ஆள் அனுப்பி அளந்து பாருங்க. கடற்கரை ஊர்ல மரம் இல்ல, வெயில் உண்டு, ஆனா உப்புக்காத்து இரும்பத் தின்னுரும், அங்க துருப்பிடிக்காத ஸ்டாண்டு கட்டாயம்னு போடுங்க. அடுத்த சர்வேய ஏப்ரல்ல வைக்காம ஜூலையில வைங்க, வரும்போது குடை கொண்டு வாங்க.

இப்படிக்கு,
பில் பாக்கி வைக்காத ஒரு மின் நுகர்வோர்