பலகை போடாமல் தொட்டியை இறக்காதீர்கள்: டம்ப்ஸ்டர் கொம்பனிகளுக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் டம்ப்ஸ்டர், அதாவது கழிவு ஏற்றும் பெரிய இரும்புத் தொட்டி, வாடகைக்கு விடும் கொம்பனி உரிமையாளர்களுக்கும் லொறிச் சாரதிகளுக்கும்,

வணக்கம்.

நீங்கள் செய்வது லேசான வேலை இல்லை. விடியற்காலையில் லொறியை எடுத்து, இரண்டு பக்கமும் கார் நிற்கும் தெருவுக்குள் பின்பக்கமாக ஓட்டி, மின்கம்பிக்கும் மரக்கிளைக்கும் நடுவில் இரும்புத் தொட்டியை இறக்கி ஏற்றுகிறீர்கள். உங்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள், அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். பலகை போடாமல் யாருடைய ட்ரைவ்வேயிலும், அதாவது வீட்டுக்கு முன்னால் கார் விடும் பாதையிலும், தொட்டியை இறக்காதீர்கள்.

இந்த வருடம் மார்ச் கடைசியில் பனி உருகி எங்கள் பேஸ்மென்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. நனைந்த கார்ப்பெட்டையும் ட்ரைவோல் சுவர்ப் பலகைகளையும் பூஞ்சணம் பிடிக்க முன்னர் கழற்றி எறிய வேண்டும். 14 கன யார்ட் கொள்ளும் தொட்டி ஒன்றுக்குச் சொன்னோம். போனில் கதைக்கும்போதே, "தார் போட்ட ட்ரைவ்வே, நிலம் இன்னும் ஈரம், கீழே பலகை வைத்து இறக்குங்கள்" என்று சொன்னேன். "ஓம், பிரச்சினை இல்லை" என்றார்கள். வந்த லொறியில் ஒரு துண்டுப் பலகைகூட இல்லை. அது வாடிக்கையாளர் போட வேண்டியது என்றார் சாரதி. அடுத்த இடத்தில் ஆட்கள் காத்திருக்கிறார்கள், இறக்கவா, திருப்பிக் கொண்டுபோகவா என்று கேட்டார். வீடு முழுக்க ஈரச் சுவர் நாறும்போது திருப்பிக் கொண்டுபோகச் சொல்ல யாரால் முடியும்?

இறக்கியபோது சில கீறல்களோடு போயிற்று. ஏற்றும்போதுதான் எல்லாம் நடந்தது. இது எப்படி நடக்கும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். லொறியின் கொக்கி தொட்டியின் முன்பக்கத்தைத் தூக்கியதும், நிறைந்த தொட்டியின் பாரத்தில் பெரும் பங்கு பின்னால் இருக்கிற இரண்டு இரும்பு உருளைகளில் போய் நிற்கிறது. நனைந்த சுவர்ப் பலகையும் கார்ப்பெட்டும் காய்ந்ததைவிட எவ்வளவோ கூடுதலாகக் கனக்கும். அத்தனை பாரத்தோடும் அந்த உருளைகள் வீதிப் பக்கமாக உருண்டன. வீட்டு ட்ரைவ்வேயில் தார் இரண்டு மூன்று அங்குலத் தடிப்புத்தான். அதற்குக் கீழே இருக்கிற சல்லி, மார்ச் மாதத்தில் சேறு மாதிரி. மேல்மண் உருகியிருக்கும், அடிமண் இன்னும் உறைந்திருக்கும், நடுவில் தண்ணீருக்குப் போக வழி இருக்காது. உருளைகள் போன வழியெல்லாம் தார் அமிழ்ந்து, உள்ளங்கை அகலத்தில் இரண்டு பள்ளங்கள் விழுந்தன. நடைபாதையோடு சேரும் இடத்தில் ஒரு மூலை உடைந்து கையோடு வந்தது.

தாரில் இரண்டு கோடு விழுந்ததற்கு இவ்வளவு பெரிய மடலா என்று உங்களுக்குத் தோன்றலாம். எங்கள் அம்மா வோக்கர் பிடித்து நடப்பவர். வாசற்படியிலிருந்து காருக்குப் போக அந்த இரண்டு பள்ளங்களையும் குறுக்கே கடக்க வேண்டும். வோக்கரின் முன்சில்லுகள் சின்னவை. பள்ளத்துக்குள் இறங்கினால் அப்படியே சிக்கி நிற்கும், அம்மாவின் உடம்பு முன்னால் போய்விடும். அதனால் அவர் முதல் பள்ளத்தின் ஓரத்தில் நின்று, வோக்கரை இரண்டு கையாலும் தூக்கி அந்தப் பக்கம் வைத்து, அது ஆடுகிறதா என்று அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்து வைக்கிறார். விழாமல் இருப்பதற்காக வாங்கிக் கொடுத்த சாமானை, விழாமல் இருப்பதற்காகத் தூக்க வேண்டியிருக்கிறது. இப்போது நவம்பர். பகலில் பெய்கிற மழை பள்ளத்தில் தேங்கி, இரவில் உறைந்து, காலையில் கறுப்புத் தாரோடு தாராகக் கண்ணுக்குத் தெரியாத ஐஸாகக் கிடக்கிறது. உப்புப் போடுகிறோம், மறுநாளும் போடுகிறோம். முதியோர் சங்கக் கூட்டத்துக்கு ஒரு கிழமையும் தவறாமல் போன மனுசி, "பிள்ளை, நான் இந்தக் கிழமை வரேல்லை" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். பயமாக இருக்கிறது என்று அவர் வாய் திறந்து சொல்வதில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

கொம்பனிக்குப் படங்களோடு எழுதினேன். பதிலுக்கு என் கையெழுத்தின் படம் வந்தது. ட்ரைவ்வேக்கு வரும் சேதத்துக்குக் கொம்பனி பொறுப்பில்லை என்று சிறிய எழுத்தில் ஒரு வரி, அதற்குக் கீழே என் கையெழுத்து. லொறியின் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, சாரதி நீட்டிய தாள் அது. ஐயா, ஒன்ராறியோ மாகாணத்தின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்கிற சேவை நியாயமான தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அந்த உத்தரவாதத்தை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி இல்லாமற் செய்ய முடியாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஈர நிலத்தில், கேட்ட பிறகும், வெறும் தார் மீது பாரத்தை உருட்டுவது நியாயமான தரமா? தொழில் செய்கிற நீங்களே சொல்லுங்கள்.

நகரசபையிடமும் மாகாண அரசிடமும் கேட்க எனக்கு ஒன்று இருக்கிறது. பனி உருகும் காலத்தில் நிலம் பாரம் தாங்காது என்பது அரசுக்கு வடிவாகத் தெரியும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் குறிப்பிட்ட வீதிகளில், லொறியின் சில்லுகளைத் தாங்கும் ஓர் அச்சுக்கு 5,000 கிலோவுக்கு மேல் பாரம் ஏற்றக்கூடாது என்று ஒன்ராறியோவில் சட்டமே இருக்கிறது. வீட்டைத் திருத்திக் கட்ட அனுமதி கேட்டால், வீதியும் நடைபாதையும் உடைந்தால் ஈடுசெய்ய என்று ரொறன்ரோ நகரசபை முன்கூட்டியே வைப்புப் பணம் வாங்குகிறது. தொட்டியைத் தெருவில் வைக்க அனுமதி எடுக்க வேண்டும். பேஸ்மென்டில் தண்ணீர் நிற்கும்போது அதற்கு யார் காத்திருப்பது? கடைசியில் தொட்டி ட்ரைவ்வேயில்தான் வந்து இறங்குகிறது. வீதியைக் காக்கச் சட்டம் இருக்கிறது, நடைபாதையைக் காக்க வைப்புப் பணம் இருக்கிறது. எங்கள் காசில் போட்ட, அதே மண்மேல் கிடக்கிற ட்ரைவ்வேயைக் காக்கத் தனி விதி எதையும் நான் காணவில்லை. தொட்டி வாடகைக்கு விடுபவர்கள் பலகை போட வேண்டும் என்று நகரசபைகள் ஒரு விதி வைத்தால் என்ன? வீட்டு வரி மட்டும் ஒவ்வொரு வருடமும் ஏறுகிறது.

சரி, அது நகரசபையோடு. இந்த மடல் உங்களுக்கு.

லொறியில் நான்கு நீளப் பலகைகள் எப்போதும் கிடக்கட்டும். மரக்கடையில் இரண்டுக்குப் பத்து அங்குலம் என்று விற்கிற சாதாரணப் பலகை போதும். தொட்டி போகும் திசையிலேயே, உருளைகள் உருளும் வழி முழுவதற்கும் நீளமாகப் போட வேண்டும். தொட்டி நிற்கும் இடத்துக்குக் கீழே மட்டும் போட்டால், ஏற்றும்போது உருளை பலகையை விட்டு இறங்கிவிடும். முக்கால் அங்குல ப்ளைவுட் கீறலைத் தடுக்கும், ஈர நிலத்தில் அது மட்டும் காணாது. தொட்டியை இழுத்து நேராக்காமல், திரும்பத் தூக்கி வையுங்கள். உங்கள் பெரிய லொறிகள் வெறுமையாகவே 10 தொன்னைத் தாண்டும். அதனால் முடிந்த வீடுகளில் முன்சில்லையாவது வீதியில் விட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

போனில் ஓடர் எடுக்கும்போது, எத்தனை யார்ட் என்று கேட்பதற்கு முன்னர் நிலம் என்ன என்று கேளுங்கள். தார் என்றால் ஜூலை வெயிலிலும் கவனம் வேண்டும், சூட்டில் இளகிக் கிடக்கும் தாரில் இரும்பு உருளை தன் அச்சைப் பதித்துவிட்டுத்தான் போகும். கொங்கிரீட் என்றால் போட்டு 28 நாள் ஆகிவிட்டதா என்று கேளுங்கள், அதற்கு முன் அது முழுப் பலத்துக்கு வருவதில்லை. இன்டர்லொக் கல் என்றால் ஓரக் கல் ஒன்று நகர்ந்தால் பின்னால் பத்துக் கல் நகரும். இறக்க முன்னர் ஒரு படம், ஏற்றிய பிறகு ஒரு படம் எடுங்கள். அது உங்களுக்கும் பாதுகாப்பு, ஏற்கனவே இருந்த வெடிப்பை யாரும் உங்கள் தலையில் கட்ட முடியாது.

இதற்கெல்லாம் செலவு உண்டு என்பது தெரியும். வாடகையில் சேர்த்துக் கேளுங்கள், தருகிறோம். தார் போடுகிறவர் வந்து பார்த்துவிட்டு, மேலால் பூசி மூடினால் அடுத்த வசந்தத்தில் திரும்ப அமிழும், அடிச்சல்லியை வெட்டி எடுத்து முதலிலிருந்து போட வேண்டும் என்றார். அந்தக் காசுக்கு உங்கள் லொறிகள் எல்லாவற்றுக்கும் பலகை வாங்கலாம்.

என் ட்ரைவ்வேயை உடைத்த கொம்பனியின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்களிடம் கேட்பதை அவர்களிடம் கேட்டுக்கொள்வேன். மற்ற எல்லோரிடமும் பணிவாகக் கேட்கிறேன். அடுத்த மார்ச்சில் பனி உருகி, யாரோ ஒருவர் அவசரத்தில் உங்களுக்குப் போன் எடுப்பார். அவர் கேட்காவிட்டாலும் பலகையோடு போங்கள். பலகை இல்லை என்றால் அன்றைக்கு அந்தத் தொட்டியை இறக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஸ்காபரோவில் வசிக்கும் ஒரு வாடிக்கையாளர்