தோல் கழிவு படிந்த மண்ணில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் உள்ளனவா என ஆய்வு செய்யக் கோரி மனு

அனுப்புநர்:
சிப்காட் தொழிற்பேட்டையை அடுத்த கிராம விவசாயிகள் சார்பில்,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
ராணிப்பேட்டை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
ராணிப்பேட்டை.

பொருள்: குரோமியக் கழிவு பாதித்த நிலங்களில் உலோக அளவோடு மண் பாக்டீரியாக்களின் மருந்து எதிர்ப்புத் திறனையும் பரிசோதிக்க வேண்டுதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் கழனிகளுக்கு வேளாண்மைத் துறை கொடுத்த மண்வள அட்டையில் 12 விவரங்கள் இருக்கின்றன. தழை, மணி, சாம்பல் சத்தில் தொடங்கி துத்தநாகம், போரான் வரை உண்டு. குரோமியம் இல்லை. மண்ணில் வாழும் பாக்டீரியாக்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வேறு ஊர் என்றால் சரி, இதுவே போதும். தோல் பதனிடும் ஆலைகளின் குரோமியம் கலந்த கழிவை இத்தனை காலம் வாங்கிக்கொண்ட மண்ணுக்கு இது போதாது.

பாலாற்றுப் படுகையில் நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரி 30 அன்று மறுபடியும் இதே மாசு குறித்து ஒரு தீர்ப்பு வந்தது. நடுவில் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையில் குவிக்கப்பட்ட கழிவு மட்டும் ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல். மழைக்குப் பிறகு அந்தப் பக்கத்துக் குழிகளில் தேங்கிய தண்ணீரை வெள்ளை டம்ளரில் மொண்டு பார்த்தால் மஞ்சளாகத் தெரியும். குரோமியத்தின் நச்சு வடிவமான குரோமேட்டின் நிறம் அது.

இந்த உலோகத்தால் பயிர் கருகுவதும் கிணறு கெடுவதும் பழைய செய்தி. நான் சொல்ல வந்தது கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கேடு.

உலோகம் மிகுந்த மண்ணில் பிழைக்க பாக்டீரியாக்கள் ஒரு வழி வைத்திருக்கின்றன. உள்ளே வரும் நஞ்சை வெளியே தள்ளும் பம்புகள் அவற்றின் உடலில் உண்டு. சில பம்புகள் உலோகத்தை மட்டுமல்லாமல் ஆன்டிபயாடிக் மருந்தையும் சேர்த்தே தள்ளிவிடும். வேறு சில பாக்டீரியாக்களில் உலோகத்தைத் தாங்கும் மரபணுவும் மருந்தைத் தாங்கும் மரபணுவும் பிளாஸ்மிட் எனப்படும் ஒரே டி.என்.ஏ. வளையத்தில் உட்கார்ந்திருக்கும். குரோமியத்துக்குத் தப்பிப் பிழைப்பது அந்த வளையம் உள்ள பாக்டீரியாதான். ஆக, ஒரு சொட்டு மருந்துகூட விழாத நிலத்திலும் மருந்துக்கு அடங்காதவை பெருகலாம். அந்த வளையம் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு, வேறு இனத்துக்கும்கூட, கைமாறும். அப்புறம், பூச்சிமருந்து நாளடைவில் சிதையும், குரோமியம் சிதையாது. அது இருக்கும்வரை இந்த வடிகட்டல் நடந்துகொண்டேயிருக்கும்.

மண் பாக்டீரியாக்களுக்கு மருந்தை எதிர்க்கும் குணம் புதிதல்ல. ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கே 1943-இல் மண்ணில் வாழும் பாக்டீரியாவிலிருந்து எடுத்ததுதான். மருந்தும் அதைத் தாங்கும் குணமும் மண்ணில் முன்பே உண்டு. இயற்கையில் அளவோடு இருந்ததைத் தொழிற்கழிவு பெருக்குவதுதான் கவலை. அமெரிக்காவில் சவானா ஆற்றங்கரையிலுள்ள அணு வளாகத்தில், உலோகம் படிந்த மண்ணில் மருந்தைத் தாங்கும் மரபணுக்கள் கூடுதலாக இருந்ததை ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்டார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஐதராபாத்தை ஒட்டிய பட்டான்செருவில் மருந்து ஆலைக் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரிலேயே ஒரு லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் இருந்ததாக 2007-இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. அங்கே கழிவில் மருந்தே இருந்தது, இங்கே உலோகம். வழி வேறு, போய்ச் சேரும் இடம் ஒன்று.

நான் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்தவன். நோயாளியின் சிறுநீரையோ சீழையோ பாக்டீரியா வளர்க்கும் அகார் தட்டில் பரப்பி, மருந்து ஏற்றிய சிறு வில்லைகளை மேலே வைப்போம். மருந்து கேட்டால் மறுநாள் வில்லையைச் சுற்றித் தெளிவான வட்டம் விழுந்திருக்கும். கேட்காவிட்டால் பாக்டீரியா வில்லையின் விளிம்பு வரை ஆடை படிந்த மாதிரி மூடியிருக்கும். பணியின் கடைசி ஆண்டுகளில் வட்டம் விழாத தட்டுகளை அதிகம் பார்த்தேன். அவற்றுக்கு இந்த மண்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. மருத்துவரைக் கேட்காமல் மாத்திரை போடுவது, கோழிப்பண்ணையில் மருந்து கொடுப்பது என்று காரணங்கள் பல. ஆனால் வெறுங்காலோடு சேற்றில் இறங்கி நாற்று நடும் பெண்களுக்குக் காலில் வெட்டுக்காயம் படாத பருவம் கிடையாது. அந்தச் சேற்றில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. உலகம் முழுவதும் 2019-ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றால் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 12.7 லட்சம் பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

எனவே தாங்கள் தயவுகூர்ந்து, மாசு கட்டுப்பாட்டு வாரியமும் வேளாண்மைத் துறையும் சுகாதாரத் துறையும் சேர்ந்து எங்கள் பகுதியில் மண் மாதிரி எடுக்க உத்தரவிட வேண்டுகிறோம். ஆலைச் சுவரோரம், கழிவுநீர் ஓடும் கால்வாயோரம், ஏரிப் பாசனக் கழனிகள், ஒப்பிட்டுப் பார்க்கக் கழிவு எட்டாத ஒரு மேட்டு நிலம் ஆகிய இடங்களில் எடுக்கலாம். ஒவ்வொரு மாதிரியிலும் குரோமிய அளவு, பாக்டீரியா வளர்ப்பு, மருந்து வில்லைச் சோதனை மூன்றும் வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்தால் தொடர்பு தெரியாது. இதற்குத் தேவையான நிபுணர்கள் பக்கத்திலேயே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறார்கள். மழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை எடுத்தால் நல்லது.

முடிவு எதுவானாலும் கிராம சபையில் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். கேடு இல்லை என்று வந்தால் எங்களுக்கு நிம்மதி. இருக்கிறது என்று வந்தால், கழிவை அகற்றும் பணியில் மேல் மண்ணையும் சேர்க்க வேண்டும், ஆறாத காயத்தோடு வருபவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கல்ச்சர் (பாக்டீரியா வளர்ப்பு) பரிசோதனைக்கு மாதிரி எடுத்து அனுப்ப ஏற்பாடு வேண்டும். அதுவரை, உலர்ந்த கழிவுக் கசடை எரு என்று சொல்லி யாரும் கழனியில் கொட்டாமல் தடுக்க வருவாய் ஆய்வாளருக்கு இப்போதே அறிவுறுத்த வேண்டுகிறோம். இதற்கு ஆய்வு முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

மாதிரி எடுக்க எங்கள் நிலங்களைத் திறந்துவிடுகிறோம். எந்த நிலத்துக்கு எந்தத் தண்ணீர் பாய்ந்தது என்று காட்ட ஊர்ப் பெரியவர்கள் கூட வருவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கிராம விவசாயிகள் சார்பில் மனுதாரர்.

இணைப்பு: மண்வள அட்டை நகல்கள், விவசாயிகள் கையெழுத்துப் பட்டியல்.