வானியற்பியலை ஆறாம் பருவத்துக்கு மாற்றுங்கள்: இளநிலை இயற்பியல் பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் இளநிலை இயற்பியல் பாடத்திட்டக் குழுத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அரசு உதவி பெறும் ஒரு கல்லூரியில் பல ஆண்டுகளாக இயற்பியல் கற்பித்து வருகிறேன். விருப்பப் பாடமான வானியற்பியலும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. நான் கற்பிக்கும் பாடத்திட்டத்தில் அது ஐந்தாம் பருவத்தில் (செமஸ்டரில்) வருகிறது. ஜூனில் தொடங்கித் தீபாவளியை ஒட்டி முடிந்துவிடுகிறது. தென்மேற்குப் பருவமழையின் மேகங்களும் அவற்றைத் தொடர்ந்து வடகிழக்குப் பருவமழையும் வானத்தை மூடியிருக்கும் மாதங்களைத் தேடிப் பிடித்து, விண்மீன்களைப் பற்றிய பாடத்தை அங்கே கொண்டுபோய் வைத்தது போலிருக்கிறது இந்த ஏற்பாடு. மாணவர்கள் இரவு வானத்தை நோக்கிப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்பது பாடத்தின் ஒரு பகுதி. சென்ற ஆண்டு மூன்று முறை மொட்டைமாடிக்கு ஏறினோம். மூன்று முறையும் மேகத்தைப் பார்த்துவிட்டு இறங்கினோம். கடைசியில் அவர்கள் கைப்பேசியில் இருந்த வரைபடத்தைப் பார்த்துப் பதிவேட்டில் வரைந்து கொண்டுவந்தார்கள். நானும் கையொப்பமிட்டேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மேகம் மட்டுமே சிக்கல் என்றால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். வானியற்பியல் என்பது இயற்பியலின் ஓரத்தில் ஒட்டவைத்த பொது அறிவுப் பகுதி என்ற எண்ணம் நம் பாடத்திட்டத்திலும் வினாத்தாளிலும் ஊறியிருக்கிறது. ‘சந்திரசேகர் எல்லை என்றால் என்ன?’ என்பது இரண்டு மதிப்பெண் வினா, ‘1.4 சூரிய நிறை’ என்று எழுதினால் போதும். அந்த எல்லையைக் கண்டவர் யார், எதைப் படித்துவிட்டுக் கண்டார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரி மாணவராக இருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1928-இல் சென்னைக்கு வந்த ஜெர்மானிய இயற்பியலாளர் சோமர்ஃபெல்டைச் சந்தித்து, எலக்ட்ரான் போன்ற துகள்களுக்கான ஃபெர்மி-டிராக் புள்ளியியல் என்ற புதிய கணக்குமுறை உருவாகியிருப்பதை அவரிடமிருந்து அறிந்துகொண்டார். 1930 ஜூலை இறுதியில் பம்பாயில் கப்பலேறியபோது அவருக்கு வயது 19. எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குள்ள விண்மீனைத் தன் அழுத்தத்தால் தாங்கி நிற்கும் எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்குமென்றால் சார்பியலையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும் என்றும், அப்படிச் சேர்த்தால் ஒரு நிறைக்கு மேல் அந்த அழுத்தத்தால் விண்மீனைத் தாங்க முடியாது என்றும் அந்தப் பயணத்தில் அவர் கண்டார். 1983-ஆம் ஆண்டு நோபல் பரிசு வரை நீண்ட ஒரு வாழ்க்கையின் தொடக்கம் அது.

அவருக்கு அங்கே தேவைப்பட்டவை புள்ளியியல் இயந்திரவியலும் சிறப்புச் சார்பியலும். இரண்டுமே நம் மாணவர்கள் படிக்கும் பாடங்கள்தாம். ஆனால் எங்கள் பாடத்திட்டத்தில் ஃபெர்மி-டிராக் புள்ளியியல் ஆறாம் பருவத்தில் வேறொரு தாளில் வருகிறது. விளைவை ஐந்தாம் பருவத்தில் மனப்பாடம் செய்துவிட்டு, காரணத்தை ஆறாம் பருவத்தில் படிக்கிறார்கள். இரண்டும் ஒரே சங்கதி என்று அவர்களுக்குச் சொல்லும் இடம் பாடத்திட்டத்தில் எங்கும் இல்லை. வானியற்பியல் ஆறாம் பருவத்துக்கு நகர்ந்தால் இந்தக் குறை தீரும், மழை ஓய்ந்தபின் ஜனவரி முதல் ஏப்ரல் வரை தெளிந்த வானமும் கிடைக்கும்.

ஆய்வகத்திலும் இதே துண்டிப்புத்தான். ஒளியை நிறங்களாகப் பிரித்து அளக்கும் நிறமாலைமானியும் கீற்றணியும் சோடியம் விளக்கும் இல்லாத இயற்பியல் துறை இங்கே அரிது. மாணவர்கள் வெர்னியர் அளவுகளைப் படித்து, 589.0, 589.6 நானோமீட்டர் அலைநீளங்களுக்குப் பக்கத்தில் ஒரு விடையை எழுதிவிட்டு விளக்கை அணைக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பகலில், குறுக்குக்கம்பியை அந்த மஞ்சள் வரிகளின் மேல் நிறுத்தச் சொல்லி, தொலைநோக்கியை அசைக்காமல் விளக்கை மட்டும் அகற்றிவிட்டு, வெயில் பட்ட வெள்ளைச் சுவரின் ஒளி பிளவுக்குள் விழும்படி மேசையைத் திருப்பச் செய்தேன். (நேராகச் சூரியனை நோக்கி ஒருபோதும் திருப்பக் கூடாது.) முதலில் குனிந்து பார்த்த மாணவி, “சார், கம்பி இருக்கிற இடத்திலேயே கருப்பா ஒரு கோடு தெரியுது” என்றார். சூரியனின் வளிமண்டலத்துச் சோடியம் அந்த நிறத்தை உறிஞ்சியதால் வந்த கோடு அது என்று சொன்னதும், வரிசையில் காத்திருந்தவர்கள் மறுபடியும் விளக்கைப் போட்டு, எடுத்து, சரிபார்த்துக்கொண்டே இருந்தார்கள். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை; ஆனாலும் இது செய்முறைப் பட்டியலில் இல்லாததால் மதிப்பெண்ணும் கிடையாது.

அந்தக் கரிய கோட்டிலிருந்து கொடைக்கானல் சூரிய ஆய்வகம் தொலைவில் இல்லை. 1909-இல் அங்கே ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளியின் நிறமாலையில் வரிகள் சற்றே விலகியிருப்பதைக் கண்டு, புள்ளியின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வாயு பாய்கிறது என்று முடிவுசெய்தார். வேகம் நொடிக்கு 2 கிலோமீட்டர் என்று கொண்டால், 630 நானோமீட்டர் வரியில் ஏற்படும் விலகல் சுமார் 0.004 நானோமீட்டர். டாப்ளர் சூத்திரத்தை ரயில் வண்டியின் ஊதலுக்கு மட்டும் போட்டுப் பார்க்கும் நம் மாணவர், இந்த எண்ணை மூன்று வரியில் கணக்கிடலாம். எவர்ஷெட் அளந்தது எத்தனை நுண்ணியது என்பது அப்போதுதான் புரியும். உதகையின் ரேடியோ தொலைநோக்கியும் அப்படிப்பட்டதே. 530 மீட்டர் நீளமுள்ள அதை ஏறத்தாழ 11 பாகைச் சரிவுள்ள மலைச்சாய்வில் ஏன் நிறுத்தினார்கள் என்ற கேள்விக்கு, அந்த இடத்தின் அட்சரேகையும் அதே அளவு, ஆகவே தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிறது என்பதே விடை. இது தேர்வில் கேட்கத்தக்க கேள்வி.

மேகம் மறைத்தாலும் தரவு மறைவதில்லை. ஐரோப்பாவின் கையா விண்கலம் 2022-இல் வெளியிட்ட பட்டியலில் சுமார் 180 கோடி விண்மீன்கள் உள்ளன. யாரும் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். கார்த்திகை விண்மீன் கூட்டத்தின் இடமாறு தோற்றக் கோணம் (பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறுவதுபோல் தோன்றும் கோணம்) அதன்படி சுமார் 7.4 மில்லி வில்நொடி, எனவே தொலைவு ஏறத்தாழ 135 பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு). முன்னதாக ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள் 120 பார்செக்கை ஒட்டிய தொலைவைத் தந்து நெடுநாள் வாதத்தைக் கிளப்பியது. பிழைக் கணக்கீடு என்பது பதிவேட்டின் கடைசிப் பக்கத்துச் சடங்கு அல்ல என்று காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

‘வானியற்பியல்’ என்ற பெயரிலேயே புதிய பட்டப்படிப்பு தொடங்கினால் சேர்க்கை கூடும் என்ற பேச்சும் காதில் விழுகிறது. வேண்டாம் என்பது என் கருத்து. பிரிட்டனில் அப்படிப் பெயர் கொண்ட பட்டங்களிலும் பெரும்பகுதி இயற்பியலே. இங்கே மாணவர்களில் பெரும்பாலோர் வானியலாளர் ஆகப்போவதில்லை. ஆசிரியராகவோ வங்கியிலோ மென்பொருளிலோ பணிக்குச் செல்வார்கள். பட்டத்தில் ‘இயற்பியல்’ என்று இருப்பது அவர்களுக்குப் பாதுகாப்பு.

ஆகவே நான் கேட்பது கொஞ்சமே. பாடத்தை ஆறாம் பருவத்துக்கு மாற்றுங்கள். சோடியம் வரிச் செய்முறையைப் பட்டியலில் சேருங்கள். உள்மதிப்பீட்டில் ஒரு பங்கைத் தரவுப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். வினாத்தாளில் கணக்குகளைக் கூட்டி வரையறைகளைக் குறையுங்கள். ஆசிரியர்களுக்கு இது கூடுதல் வேலைதான், மறுக்கவில்லை. செய்முறைக் குறிப்பை ஒன்றரைப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். எந்தக் குழு கேட்டாலும் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்