ஆண்டறிக்கை: ழோயே பூஸ்கேயோடு ஒரு வருடம்

எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், அதனால் நான் நேராக இந்த ஆண்டு நம் வட்டம் படித்ததற்கு வந்துவிடுகிறேன்.

போரில் உடல் முடங்கிய எழுத்தாளர்கள் சிலரைப் படிக்கலாம் என்றுதான் போன பொதுக்குழுவில் பேசினோம், ஆனால் பிரெஞ்சுக் கவிஞர் ழோயே பூஸ்கேயை எடுத்த பிறகு வேறு யாரிடமும் போக மனம் வரவில்லை. 1897இல் நார்போனில் பிறந்தவர். முதல் உலகப் போரில், 1918 மே 27 அன்று வாயி என்ற பிரெஞ்சு ஊரருகே நடந்த சண்டையில் குண்டு முதுகுத்தண்டில் பாய்ந்தது. அப்போது வயது 21. அப்புறம் 1950 செப்டம்பரில் இறக்கும்வரை படுக்கைதான்.

கார்கஸோன் நகரில், வெர்தன் தெரு 53ஆம் எண் வீட்டில் அவருடைய அறை. பகலிலும் ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்பார், விளக்கு வெளிச்சத்தில்தான் எழுத்தெல்லாம், வலி தாங்க அபின். ஆனால் அந்த அறைக்கு வராத ஆள் இல்லை: கவிஞர் எலுவார் வந்தார், அதே போரில் ஜெர்மன் படையில் இருந்த ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் நெருங்கிய நண்பரானார், சுவரெல்லாம் ஓவியங்கள்.

நம்மில் பலர் முதலில் இரக்கத்தோடுதான் படித்தோம். அந்த இரக்கத்தை அவரே ஏற்க மாட்டார் என்பது போகப் போகப் புரிந்தது. "என் காயம் எனக்கு முன்பே இருந்தது, அதற்கு உடல் கொடுக்கவே நான் பிறந்தேன்" என்றவர் அவர்; தத்துவவாதி தெலூஸ் 1969இல் இந்த வரியை எடுத்து விரிவாக எழுதியதால்தான் கவிதை படிக்காதவர்களுக்கும் பூஸ்கேயின் பெயர் தெரியும்.

அதிகம் விவாதித்தது பிரெஞ்சுத் தத்துவவாதி சிமோன் வெய்ல் வந்த கதையை. 1942 மார்ச் கடைசியில் அவர் பூஸ்கேயைப் பார்க்க வந்தார், போர்முனையிலேயே காயத்துக்குக் கட்டுப்போட ஒரு செவிலியர் குழு வேண்டும் என்ற தன் திட்டத்தைப் பற்றி அவருடைய கருத்தைக் கேட்டார். சண்டைக்களத்தில் அடிபட்டு விழுந்தவரைத் தவிர வேறு யாரிடம் கேட்பது? பூஸ்கே ஆதரித்துக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதம் வெய்ல் அவருக்கு எழுதியதில்தான், கவனம் என்பது தாராள மனத்தின் மிக அரிய, மிகத் தூய வடிவம் என்ற வரி வருகிறது. இன்று உலகமெங்கும் மேற்கோள் காட்டப்படும் அந்த வரி, படுத்த படுக்கையாக இருந்த ஒரு மனிதருக்கு எழுதப்பட்டது என்பதைப் பலர் சொல்வதே இல்லை, எனக்கு அது பெரிய குறை.

வரும் ஆண்டுக்கு, அவர் இறந்த பிறகு 1967இல் வெளியான காதல் கடிதங்களை எடுக்கலாம் என்பது செயற்குழுவின் பரிந்துரை. பிரெஞ்சு தெரிந்த உறுப்பினர்கள் சில கடிதங்களையாவது தமிழில் பெயர்த்துத் தந்தால் கூட்டத்தில் வாசிக்கலாம். விருப்பமுள்ளவர்கள் இன்று கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

செயலாளர்